ஓர் அணாவில் பிறந்த சோறு

காலை பத்து மணி தாண்டினால் சமையலறை வாசலில் அந்தக் கேள்வி வந்துவிடும். "இன்னைக்கு எத்தினி பேரு சார்?"

ஜவ்வாது மலையடிவாரத்தில், படவேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளி. வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தலைமையாசிரியர் நாற்பத்திரண்டு என்கிறார். அந்த எண் கிடைத்த பிறகுதான் அரிசி டின் திறக்கிறது. பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. ஆக 4 கிலோ 200 கிராம் அரிசி, 630 கிராம் பருப்பு. சமையலர் அக்கா தராசில் நிறுத்துப் போடுகிறார். முள் சரியாக நடுவில் நின்ற பிறகும் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொள்கிறார். "ரெண்டாவது தபா கேக்கறதுங்க இருக்குது சார், இல்லன்னு சொல்ல வாய் வராது" என்கிறார்.

முட்டை முப்பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் அரசு முத்திரை குத்தியிருக்கிறது, வழியில் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. மூன்று பிள்ளைகள் முட்டை சாப்பிட மாட்டார்கள், அவர்களுக்கு வாழைப்பழம். படவேட்டில் வாழைக்கா பஞ்சம்? ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் வாழைத்தோப்புதான். சோறு வெந்ததும் முதல் வாய் ஆசிரியருக்கு. அவர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் "வாங்க, வரிசையா குந்துங்க" என்ற குரல் கேட்கும். மணியடிக்கும் முன்பே தட்டுகள் கலகலத்துவிட்டன.

அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு 1982 நினைவு வரும். நான் பட்டுத்தறி வீட்டுப் பிள்ளை. ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் தறி இருக்கிற வீட்டில் பிள்ளை என்றால் பாதி ஆள் என்று கணக்கு. நாடாவுக்குள் வைக்கும் நூல் தாரைச் சுற்றுவது பிள்ளைகள் வேலை. கோர்வைச் சேலை ஓடும்போது மறுகரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஒரு சின்னக் கை வேண்டும், அதுவும் பிள்ளைதான். முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் கையை ஒரு நாள்கூட விட முடியாது. அப்படியிருந்தும் அந்த ஆண்டு ஜூலையில் அம்மா என்னைத் தறிக்குழியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பினாள். "மத்தியான சோறு அங்கியே போடறாங்களாம், போவட்டும்" என்று அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. படிப்பைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எம்.ஜி.ஆர். போட்ட சோறு என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அதைவிட அறுபது வயது மூத்த சோறு அது என்றும், முதலில் போட்டவர் ஒரு நெசவாளர் என்றும் பிற்பாடு படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அவர் பிட்டி தியாகராயர், நெசவுக் குலமான தேவாங்கர் குலத்தில் பிறந்தவர். சென்னையில் நூறு தறி கொண்ட நெசவுச்சாலை நடத்தினார். கையால் நாடா எறிந்துகொண்டிருந்த நெசவாளர்களுக்குக் கயிற்றை இழுத்தால் நாடா ஓடும் தறியைப் பழக்க முயன்றார். நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தபோது முதலமைச்சர் பதவி தேடி வந்தும் அவர் ஏற்கவில்லை. ஆனால் சென்னை மாநகராட்சித் தலைவர் நாற்காலியில் இருந்து ஒரு காரியம் செய்தார். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் வருவதும் நின்றுவிடுவதுமாக இருந்தார்கள். ஏழைப் பிள்ளைகள், பசியால்தான் பள்ளியில் நிற்பதில்லை என்று அவர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார். 1920-இல் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர மன்றம் ஒப்புக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை.

மன்றத்தில் சோற்றுக்கு ஆதரவாக வைத்த வாதம் பள்ளியைப் பற்றியது, இரக்கத்தைப் பற்றியது அல்ல. கூரையும் வாத்தியாரும் பலகையும் இருந்தால் போதாது, வயிற்றில் ஏதாவது இருக்கிற பிள்ளையும் வேண்டும், அதுவும் பள்ளிக்கூடத்தின் ஒரு பாகம்தான் என்று தியாகராயர் கண்டுகொண்டார். இந்தத் திட்டத்தின் உயிர் அந்த எண்ணத்தில் இருக்கிறது. பிற்பாடு வந்தவர்கள் அரிசியைக் கூட்டினார்கள், முட்டையைச் சேர்த்தார்கள். எண்ணம் அவருடையது.

ஆயிரம் விளக்கிலிருந்து இன்னும் நான்கு பள்ளிகளுக்குச் சிற்றுண்டி போனது. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இரட்டிப்பு. சரியாக அந்த நேரத்தில், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக்கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. 1925 ஏப்ரல் முதல் தேதியோடு அடுப்பு அணைந்தது. தியாகராயரும் அதே ஆண்டில் இறந்துபோனார். இங்கிலாந்தில் 1906-இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. தன் நாட்டுப் பிள்ளைக்குச் சரி என்று பட்டதை அதே அரசு சென்னைப் பிள்ளைக்குக் கூடாது என்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து மாநகராட்சி மறுபடி அடுப்பு மூட்டியது. ஆனால் நகரத்தைத் தாண்டி அந்தச் சோறு வரவில்லை. ஆரணி, போளூர் பக்கத்துத் தறிக்குழிகளில் எங்கள் தாத்தாக்கள் தார் சுற்றிக்கொண்டே வளர்ந்தார்கள்.

1953-இல் ராஜாஜி அரசு புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி அரை நாள், மீதி நேரம் குடும்பத் தொழில். குலக்கல்வி என்று சொல்லி நாடே எதிர்த்தது. பாடத்திட்டத்தைப் பற்றிய சண்டையாக அதைச் சிலர் எழுதுகிறார்கள். தறி வீட்டில் பிறந்தவனுக்கு அது வேறு மாதிரித் தெரியும். அரை நாள் தறியில் உட்காரும் பிள்ளை மற்ற அரை நாளும் தறியில்தான் இருப்பான். முன்பணம் அவனை விடாது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கைவிட்டதோடு அவர் நிற்கவில்லை. பிள்ளையை முழு நாளும் பள்ளியில் உட்கார வைக்க வழி என்ன என்று தேடினார்.

மாடு மேய்க்கிற பையனை நிறுத்திப் பள்ளிக்குப் போகவில்லையா என்று அவர் கேட்டதும், போனால் நீ சோறு போடுவாயா என்று பையன் திருப்பிக் கேட்டதும் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் சொல்லப்படும் கதை. அவரோடு நின்று வேலை செய்தவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்துப் பக்கம் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். கஜானாவில் பணமில்லை என்று அதிகாரிகள் கையை விரித்தபோது, ஊரைக் கேட்போம் என்றார்கள் இருவரும். ஊர் கொடுத்தது. அறுவடையில் ஒரு பங்கு நெல், வீட்டுக்கு வீடு பிடியரிசி, தோட்டத்துக் காய், அடுப்புக்கு விறகு. 1950களின் நடுவில் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் போய்த் தொடங்கிவைத்தார். அடுத்து அரசும் தோள் கொடுத்தது. செலவில் பத்தில் ஆறு பங்கு அரசு, நான்கு பங்கு உள்ளூர் என்று ஆயிற்று. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் தட்டும் டம்ளரும் பெஞ்சும் நிலமும் ஊராரே தந்தார்கள்.

1961-இல் அமெரிக்காவின் 'கேர்' நிறுவன உதவி வந்தது. அறுபது எழுபதுகளில் படித்தவர்களைக் கேட்டால் மஞ்சள் மக்காச்சோள உப்புமாவையும் பால் பவுடரையும் இன்றும் சொல்வார்கள். எனக்கு மூத்த ஒருவர் அந்த உப்புமாவின் வாசனையைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் அது கிடைக்கவில்லை. ஏழை என்று வாத்தியார் பொறுக்கியெடுத்த பிள்ளைக்குத்தான். வகுப்பில் பாதிப் பேர் பார்த்திருக்க மீதிப் பேர் சாப்பிடுவது பிள்ளைக்குக் கூச்சம். இந்தக் கூச்சத்தை ஒழித்ததுதான் 1982-இன் பெரிய மாற்றம் என்பேன்.

1982 ஜூலை 1, திருச்சி மாவட்டம் பாப்பாகுறிச்சி. முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சின்ன வயதில் கும்பகோணத்தில் பசியோடு கிடந்தவர் அவர். செப்டம்பர் 15-இல் நகரங்களுக்கும் வந்தது. 1984-இல் மேல்வகுப்புகளுக்கும் போனது. இவ்வளவு பெரிய செலவு எதற்கு, அணை கட்டலாமே, ஆலை வைக்கலாமே என்று டெல்லியிலும் சென்னையிலும் பேசியவர்கள் பேசினார்கள். அரைக்கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற பொறுக்கல் இல்லை, விருப்பமுள்ளவர் வரலாம். சமைக்க வந்தவர்களில் கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் நிறைய. எங்கள் பள்ளி ஆயாவுக்கு அதற்கு முன் சொந்தமாக மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்ததில்லை. முதல் சம்பளத்தில் அவர் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பொரி உருண்டை வாங்கித் தந்தார்.

முட்டை வந்தது 1989-இல், கலைஞர் ஆட்சியில், இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடி 2010-இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. 2013 வாக்கில் ஜெயலலிதா ஆட்சியில் சாம்பார் சாதத்தோடு தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், காய்கறி பிரியாணி, மிளகு முட்டை என்று கலவைச் சாப்பாடு வந்தது. ஆட்சி மாறும்போது முந்தினவர் திட்டத்தை மூடுவது நம் ஊரில் வழக்கம். இதில் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் போனார்கள். மற்ற எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இந்தத் தட்டில் ஒத்துப்போயிருக்கின்றன. இதற்காக எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடலாம்.

இந்தக் கதையில் கண்ணீரும் உண்டு. 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவு சமைத்த கூரைக் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக்குப் பாய்ந்து 94 பிள்ளைகள் கருகினார்கள். கீற்றுக் கூரைகள் அதற்குப் பிறகுதான் பள்ளிகளை விட்டுப் போயின. சோறு போடுகிறோம் என்ற நல்ல மனசு மட்டும் போதாது, அடுப்புக்குக் கட்டடமும் கண்காணிப்பும் வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் சொன்னார்கள்.

இன்னொரு தீ சாதி. 2018-இல் அவிநாசி பக்கத்துக் கிராமம் ஒன்றில் தலித் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று சிலர் தகராறு செய்தார்கள், அதிகாரிகள் அந்தப் பெண்ணை மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு மாற்றல் ரத்தாகி, தகராறு செய்தவர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று. ஆனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அன்றைக்கு எதைப் பார்த்தார்கள்? ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே அண்டாச் சோற்றைத் தின்று வளர்வது பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம். அதைக் கெடுக்கிறவரை ஊர் மன்னிக்கக்கூடாது.

நாட்டின் மற்ற பகுதிகளுக்கு இந்தச் சோறு எப்படிப் போனது? 1995-இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது, ஆனால் பல மாநிலங்கள் சமைத்துப் போடாமல் மாதம் மூன்று கிலோ தானியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பின. வீட்டுக்குப் போன கோதுமை வீட்டுப் பானையில் கலந்துவிடும், பிள்ளை வயிற்றுக்கு எவ்வளவு போயிற்று என்று யார் பார்ப்பது? 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த சாப்பாடே போட வேண்டும், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 200 நாளாவது போட வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாடு பல ஆண்டுகளாகச் செய்து வந்ததை நாடு முழுக்கச் சட்டம் கேட்டது.

இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த உத்தரவு மாநிலம் மாநிலமாக நடைமுறைக்கு வந்த விதத்தை வைத்து ஆராய்ந்தவர்கள், ஐந்து ஆண்டு வரை இந்தச் சோற்றைத் தின்ற தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், ஓராண்டுகூடத் தின்னாதவர்களைவிட வாசிப்பில் 18 சதவீதமும் கணக்கில் 9 சதவீதமும் கூடுதல் மதிப்பெண் எடுத்ததைக் கண்டார்கள். ஆந்திரத்தில் வறட்சியில் இளைத்த பிள்ளைகள் பள்ளிச் சோற்றால் தேறியதை வேறொரு ஆய்வு காட்டியது. என்னை உலுக்கியது 2021-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு. சிறுமியாகப் பள்ளியில் மதியச் சோறு தின்றவள் பிற்பாடு தாயானபோது அவள் பிள்ளை வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிப்போவது குறைந்திருக்கிறது, அதுவும் ஏழை வீடுகளில் அதிகமாக. நாம் இன்று ஒரு சிறுமியின் தட்டில் போடும் முட்டை, அவள் பெறப்போகும் பிள்ளையின் எலும்பில் போய்ச் சேருகிறது.

அதற்காக இல்லாததைச் சொல்லக்கூடாது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் பிள்ளைகளின் படிப்பை அளக்க எடுத்த 'அசர்' கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சோறு பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிவரும், கண்ணைத் திறந்து உட்கார வைக்கும். எழுத்தைச் சொல்லித் தருவது வாத்தியார் பாடு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, சோற்றில் பயனில்லை என்று பேசுவது நியாயமில்லை.

பழைய நாளில் எனக்குத் தெரிந்த ஒரு குறை இருந்தது. காலையில் தறி வீட்டில் அடுப்பு எரியாது. கூலி வாங்கிய நாள் தவிர நீராகாரம்தான், அதுவும் இல்லாத நாள் உண்டு. முதல் இரண்டு பாடவேளையும் மதிய மணியையே பார்த்துக்கொண்டு போய்விடும். அந்தக் குறை தீர நாற்பது ஆண்டாயிற்று. 2022 செப்டம்பர் 15, மதுரை. முதல்வர் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்து 31,008 பள்ளிகளைத் தொட்டது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போய், 2025-இல் பிள்ளைகள் கணக்கு இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதல் கட்டத்தில் 1,543 பள்ளிகளைப் பார்த்ததில் 1,319-இல் வருகை கூடியிருந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார், சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்.

நான் போன அன்று அந்த மலையடிவாரப் பள்ளியில் புதன்கிழமைப் பொங்கல் முடிந்து, மதியத் தக்காளி சாதம் ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முட்டையை முதலில் தின்னாமல் தட்டோரம் ஒதுக்கி வைத்திருந்தாள். ஏன் என்றேன். "கடைசீல துன்னா வாயில அதோட ருசி இருக்கும்" என்றாள். நானும் அப்படித்தான் தின்றேன். எங்கள் காலத்தில் முட்டை இல்லை, ஒதுக்கி வைத்தது உருளைக்கிழங்கு.

சாப்பிட்டு முடிந்து பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலர் அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கால் நீட்டினார். அண்டாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது என்றார். உதவியாள் இடம் காலியாகக் கிடக்கிறது, இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்கிறார். இது ஒரே ஒரு பள்ளியின் கதை அல்ல. மாநிலம் முழுக்கச் சமையல் உதவியாளர் பணியிடங்கள் காலியாகக் கிடந்ததால்தான் 8,997 பேரை எடுக்க 2024 கடைசியில் அரசு ஆணை போட்டது. பதிவேட்டில் அரிசி கிராம் கணக்கில் இருக்கிறது, முட்டைக்கு முத்திரை இருக்கிறது, சமைக்கிறவர் இடுப்புக்குக் கணக்கில்லை. காலமுறை ஊதியமும் வாழ முடிகிற ஓய்வூதியமும் கேட்டு சத்துணவு ஊழியர்கள் எத்தனையோ ஆண்டுகளாகத் தெருவில் நிற்கிறார்கள். இந்தத் திட்டத்தை நடத்துவது ஆணையல்ல, அடுப்படியில் நிற்கும் பெண்கள். அந்த 8,997 பேருக்கும் ஆணையில் எழுதிய தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய், நாளைக்கு நூறு ரூபாய். இந்த அரசும் சரி, அடுத்து வரும் அரசும் சரி, அடுத்ததாக எதையாவது கூட்டுவதென்றால் இதை முதலில் கூட்டட்டும்.